விண்தொலைவு அளவை: வானியல் கற்கப் புகுவோர்க்கு ஒரு முறைசார் அறிமுகம்

1. நுவல்பொருளும் வரம்பும்

வானியல் நூலைத் திறக்கும் புதிய மாணவர் முதலில் சந்திப்பது எண்களை. நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ. கதிரவனுக்கு அடுத்து நமக்கு அண்மையிலுள்ள விண்மீனாகிய பிராக்சிமா சென்டாரியின் தொலைவு 4.24 ஒளியாண்டு. ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளின் தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டு. ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடப்பெறும் இவ்வெண்கள் ஒரே வகை அறிவைச் சொல்வன போலத் தோன்றும். ஆயினும் அவை பெறப்பட்ட வழிகள் வேறு. முதலாவது, ஒளியை அனுப்பி அது மீண்டுவரும் நேரத்தைக் கணக்கிட்டுப் பெற்றது. இரண்டாவது, ஒரு கோணத்தை அளந்து வடிவியலால் பெற்றது. மூன்றாவது, சில விண்மீன்களின் உண்மையான ஒளியாற்றல் இன்னதெனத் தெளிந்து, அவை நமக்கு எவ்வளவு மங்கித் தோன்றுகின்றன என்பதோடு ஒப்பிட்டுப் பெற்றது.

தொலைவு தெரியாதவரை வானியல் திசைகளின் பட்டியலாகவே நிற்கும். வானில் ஓர் ஒளிப்புள்ளி அருகிலுள்ள சிறுபொருளாகவும் இருக்கலாம், சேய்மையிலுள்ள பெரும்பொருளாகவும் இருக்கலாம். தொலைவை அறிந்த பின்னரே அதன் பருமன், ஒளியாற்றல், பொருண்மை, வயது ஆகியவற்றை வினவ இயலும். ஆதலால் தொலைவளவையை வானியலின் வாயிலாகக் கொள்கிறோம்.

இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து ஒன்றே. விண்தொலைவு அளவைகள் தனித்தனியே நிற்பன அல்ல. ஒவ்வொன்றும் தனக்குக் கீழுள்ள அளவையால் திட்டப்படுத்தப்படுகிறது. எனவே கீழ்ப்படியின் உறுதி மேற்படிக்கு ஏறுவது போலவே கீழ்ப்படியின் பிழையும் ஏறும். பேரண்டத்தின் வயதும் விரிவும் பற்றிய கூற்றுகள் இந்தத் தொடரின் உச்சியில் நிற்பவை. தொடரை அறியாமல் அவற்றை எடைபோட முடியாது. வானியலார் இத்தொடரை ‘தொலைவு ஏணி’ என்று வழங்குகின்றனர். அவ்வழக்கையே நாமும் கொள்வோம்.

கோள்களின் தோற்றம், விண்மீன்களின் உள்ளமைப்பு முதலியவை நம் வரம்புக்கு வெளியே உள்ளன. தொலைவளவைக்கு வேண்டிய அளவு மட்டுமே அவற்றைத் தொடுவோம்.

2. வரையறைகள்

2.1 நீள அலகுகள். வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு 2,99,792.458 கி.மீ. ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தொலைவு ஓர் ஒளியாண்டு; அது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கி.மீ. ஒளியாண்டு காலத்தின் அலகன்று, நீளத்தின் அலகு. புவிக்கும் கதிரவனுக்கும் இடையேயுள்ள சராசரித் தொலைவை ஒட்டி அமைந்தது வானியல் அலகு. 2012ஆம் ஆண்டு பன்னாட்டு வானியல் ஒன்றியம் இதனை 14,95,97,870.7 கி.மீ. என்று திட்டமாக வரையறுத்தது.

2.2 கோண அலகுகள். வட்டம் 360 பாகை. ஒரு பாகை 60 கலை. ஒரு கலை 60 விகலை. எனவே ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. முழுநிலவின் குறுக்களவு நம் கண்ணுக்கு ஏறத்தாழ அரைப் பாகையாக, அதாவது 1,800 விகலையாகத் தோன்றுகிறது. விண்மீன்களின் தொலைவை அளக்கும்போது ஒரு விகலைக்கும் குறைந்த கோணங்களையே கையாள்கிறோம்.

2.3 இடமாறு தோற்றம். நோக்குபவர் இடம் மாறும்போது, அருகிலுள்ள பொருள் தொலைவிலுள்ள பின்புலத்துக்கு எதிரே இடம்பெயர்ந்தது போலத் தோன்றுவது இடமாறு தோற்றம். நோக்குமிடங்கள் இரண்டுக்கும் இடையேயுள்ள நீளம் அடிக்கோடு எனப்படும். அடிக்கோட்டையும் கோணத்தையும் அறிந்தால் தொலைவு கிடைக்கும்.

2.4 பார்செக். ஒரு வானியல் அலகு நீளமுள்ள அடிக்கோடு ஒரு விகலைக் கோணத்தைத் தாங்கும் தொலைவு ஒரு பார்செக். அது 2,06,265 வானியல் அலகுக்கும் 3.26 ஒளியாண்டுக்கும் சமம். இடமாறு கோணத்தின் தலைகீழ் எண்ணே பார்செக் அளவிலான தொலைவு என்பதே இவ்வலகின் பயன். கோணம் அரை விகலையாயின் தொலைவு 2 பார்செக். நூற்றில் ஒரு விகலையாயின் 100 பார்செக்.

2.5 பொலிவெண். ஒரு விண்மீன் நமக்குத் தோன்றும் பொலிவைக் குறிக்கும் எண் தோற்றப் பொலிவெண். எண் கூடக் கூடப் பொலிவு குறையும். 5 பொலிவெண் வேறுபாடு என்பது 100 மடங்கு ஒளி வேறுபாடு என்று 1856இல் நார்மன் போக்சன் வகுத்தார். அதன்படி ஒரு பொலிவெண் ஏறத்தாழ 2.512 மடங்கு. இவரே 1861இல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1891இல் மறையும்வரை அங்குப் பணியாற்றினார். விண்மீன் 10 பார்செக் தொலைவில் வைக்கப்பட்டால் எவ்வளவு பொலிவுடன் தோன்றுமோ அது தனிப் பொலிவெண். கதிரவனின் தோற்றப் பொலிவெண் ஏறத்தாழ −26.7, தனிப் பொலிவெண்ணோ 4.8 மட்டுமே.

3. அளவை முறைகளின் வகைப்பாடு

தொலைவை அறிவிக்கும் காரணத்தைக் கொண்டு அளவைகளை நான்கு வகையாகப் பகுக்கிறோம்.

(அ) நேர அளவை: ஒளியோ வானொலி அலையோ சென்று மீளும் நேரத்தால் அறிவது. திரும்பிவரும் குறிப்பலை புலப்படும் அளவுக்கு அருகிலுள்ள பொருள்களுக்கே இது பொருந்தும்.

(ஆ) கோண அளவை: அடிக்கோட்டாலும் இடமாறு கோணத்தாலும் அறிவது. பொருளின் இயல்பு பற்றி இது எதையும் முன்கூட்டி எடுத்துக்கொள்வதில்லை. இதுவே இதன் தனிச்சிறப்பு.

(இ) பொலிவு அளவை: உண்மையான ஒளியாற்றல் தெரிந்த பொருளின் தோற்றப் பொலிவைக் கொண்டு அறிவது. ஒளி பரவும் பரப்பு தொலைவின் இருபடியாகப் பெருகுவதால், தொலைவு இரு மடங்கானால் பொலிவு நான்கில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் நூற்றில் ஒரு பங்காகும். உண்மை ஒளியாற்றல் தெரிந்த இத்தகைய பொருளை நியமச் சுடர் என்பர்.

(ஈ) செந்நகர்ச்சி அளவை: பேரண்ட விரிவினால் ஒளியின் அலைநீளம் நீண்டிருக்கும் அளவைக் கொண்டு அறிவது.

முதல் இரண்டும் முதனிலை அளவைகள்; தமக்குத் தாமே சான்றாக நிற்கக்கூடியவை. பின்னிரண்டும் சார்புநிலை அளவைகள். முதனிலை அளவைகளால் திட்டப்படுத்தப்பட்ட பின்னரே பயன்படுவன. இனி இவ்வளவைகள் ஒன்றன்மேல் ஒன்று அமையும் முறையைப் படிப்படியாகக் காண்போம்.

4. முதற் படி: புவியும் நிலவும்

வானத்தை அளக்கும் அடிக்கோடு புவியில் உள்ளது. ஆதலால் புவியின் அளவே ஏணியின் அடித்தளம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனீஸ், கோடைத் திருப்பத்து நண்பகலில் எகிப்தின் சையீனி நகரில் கதிரவன் உச்சியில் நிற்பதையும், அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் உச்சியிலிருந்து வட்டத்தின் 50இல் ஒரு பங்கு விலகி நிற்பதையும் கொண்டு, இரு நகரங்களுக்கும் இடையேயுள்ள தொலைவின் 50 மடங்கே புவியின் சுற்றளவு என்று காட்டினார்.

பிற்காலத்தில் இம்முறை முக்கோண அளவையாகச் செம்மையுற்றது. ஓர் அடிக்கோட்டை மட்டும் நிலத்தில் நேரே அளந்து, எஞ்சியவற்றைக் கோணங்களால் கணிப்பது அது. வில்லியம் லாம்டன் 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய பணியே இந்தியப் பெரு முக்கோண அளவையாக விரிந்தது. நிலத்தை அளக்கும் இந்த வடிவியலே விண்ணை அளப்பதற்கும் உரியது. அடிக்கோடு மட்டுமே மாறுகிறது.

புவியின் ஆரத்தை அடிக்கோடாகக் கொண்டால் நிலவின் இடமாறு கோணம் ஏறத்தாழ 57 கலை. இது வெறுங்கண் கருவிகளுக்கும் எட்டக்கூடிய பெருங்கோணம். எனவேதான் பழங்கால கிரேக்கரும் நிலவின் தொலைவை ஓரளவு சரியாக அறிந்திருந்தனர். 1751இல் தொடங்கிய நோக்கீட்டில் லக்காய் நன்னம்பிக்கை முனையிலிருந்தும் லலாண்ட் பெர்லினிலிருந்தும் நிலவை நோக்கி அத்தொலைவைச் செப்பமாக வரையறுத்தனர்.

இன்று கோண அளவைக்குப் பதிலாக நேர அளவை வந்துள்ளது. 1969இல் அப்பல்லோ 11 பயணத்தார் நிலவில் வைத்த எதிரொளிப்பானை நோக்கி லேசர்க் கதிர் அனுப்பப்படுகிறது. அது ஏறத்தாழ 2.5 நொடியில் மீள்கிறது. நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 செ.மீ. நம்மை விட்டு விலகிச் செல்வதும் இவ்வளவையால் தெரிந்தது.

5. இரண்டாம் படி: கதிரவத் தொலைவு

கதிரவக் குடும்பத்தின் அளவை அறிவதில் இரு நிலைகள் உள்ளன. முதல் நிலை விகிதங்களை அறிவது. இரண்டாம் நிலை ஒரு நீளத்தையேனும் கிலோமீட்டரில் அறிவது.

விகிதங்களைக் கெப்ளரின் மூன்றாம் விதி தந்தது. 1619இல் வெளியான அவ்விதியின்படி, ஒரு கோள் கதிரவனைச் சுற்றிவரும் காலத்தின் இருபடி, அதன் சராசரித் தொலைவின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வெள்ளியின் சுற்றுக்காலம் 0.615 ஆண்டு, அதன் இருபடி 0.378. எனவே அதன் தொலைவு 0.378இன் முப்படி மூலம், அதாவது 0.723 வானியல் அலகு. இவ்வாறு கோள்கள் அனைத்தின் தொலைவும் வானியல் அலகில் தெரிந்துவிடுகின்றன. ஆனால் வானியல் அலகுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை இவ்விதி சொல்வதில்லை.

கதிரவனை நேரே நோக்கி இடமாறு கோணம் அளப்பது அரிது. புவியின் ஆரத்துக்கு அக்கோணம் 8.794 விகலையே. மேலும் கதிரவனின் பேரொளியில் பின்புல விண்மீன்கள் மறைந்துவிடுகின்றன. எனவே வானியலார் இடைப்பட்ட ஒரு கோளை அளக்க முற்பட்டனர். 1672இல் காசினி பாரிசிலிருந்தும் ரிஷர் தென்னமெரிக்காவின் கயேனிலிருந்தும் செவ்வாயை நோக்கினர். அதிலிருந்து கதிரவத் தொலைவு ஏறத்தாழ 14 கோடி கி.மீ. என்று கிடைத்தது.

இதனினும் செப்பமான வழி வெள்ளி இடைநகர்வு. வெள்ளி கதிரவ வட்டின் குறுக்கே சிறு கரும்புள்ளியாகக் கடக்கும் அரிய நிகழ்வு இது. புவியின் வெவ்வேறு இடங்களிலிருந்து நோக்குவோர்க்கு வெள்ளி கதிரவ வட்டின் வெவ்வேறு நாண்களின் வழியே செல்வதாகத் தோன்றும். கடக்கும் நேரங்கள் அதனால் வேறுபடும். அவ்வேறுபாட்டிலிருந்து இடமாறு கோணத்தைக் கணிக்கலாம் என்று 1716இல் எட்மண்ட் ஹாலி விளக்கினார். 1761, 1769 ஆகிய ஆண்டுகளின் இடைநகர்வுகளை நோக்கப் பல நாட்டினர் உலகெங்கும் சென்றனர். புதுச்சேரியிலிருந்து நோக்கக் கருதிய பிரெஞ்சு வானியலார் லெ ஜான்டீலுக்கு, 1761இல் அந்நகர் ஆங்கிலேயர் வசப்பட்டிருந்ததால் கரையிறங்க இயலாமல் கப்பலிலிருந்தே பார்க்க நேர்ந்தது. அசையும் தளத்தில் நேரத்தைச் செம்மையாக அளக்க முடியாததால் அந்நோக்கீடு பயன்படவில்லை. 1769இல் புதுச்சேரியிலேயே கருவிகளை நிறுவிக் காத்திருந்தபோது மேகம் மறைத்தது. 1874ஆம் ஆண்டின் இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்கச் சென்னை வானாய்வகத்தைச் சார்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி சிறுநூல் எழுதி வெளியிட்டார்.

1961இல் வெள்ளிக்கோளை நோக்கி ரேடார் அலைகள் அனுப்பப்பட்டு அவற்றின் எதிரொலி பெறப்பட்டது. வெள்ளியின் தொலைவு கிலோமீட்டரில் தெரிந்ததும் கெப்ளரின் விகிதங்கள் அனைத்தும் கிலோமீட்டராயின. இப்படியில் நேர அளவை கோண அளவைக்கு உறுதி சேர்த்தது.

6. மூன்றாம் படி: விண்மீன் இடமாறு தோற்றம்

புவி ஆறு மாத இடைவெளியில் தன் சுற்றுப்பாதையின் எதிரெதிர்ப் புறங்களில் நிற்கிறது. இவ்வாறு 2 வானியல் அலகு நீள அடிக்கோடு நமக்குக் கிடைக்கிறது. ஆயினும் அதில் பாதியை, அதாவது ஒரு வானியல் அலகை, அடிக்கோடாகக் கொள்வதே மரபு. இரண்டாம் படியில் பெற்ற நீளமே மூன்றாம் படியின் அடிக்கோடாவதை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

விண்மீன்களில் இடமாறு தோற்றம் காணப்படாமை, புவி கதிரவனைச் சுற்றிவருகிறது என்னும் கொள்கைக்கு எதிரான வாதமாக நெடுங்காலம் நின்றது. டைக்கோ பிராகி அவ்வாறே வாதிட்டார். வாதத்தின் வடிவம் சரியே. விண்மீன்கள் அவர் எண்ணியதைவிட மிகத் தொலைவில் இருந்தமையால் கோணம் அவர் கருவிக்கு எட்டவில்லை. 1838இல் பெசல், அன்னப்புள் மண்டலத்தின் 61ஆம் விண்மீனுக்கு 0.314 விகலைக் கோணத்தை அளந்து வெளியிட்டார். அதே காலத்தில் ஸ்ட்ரூவ வேகாவையும், ஹெண்டர்சன் ஆல்ஃபா சென்டாரியையும் அளந்தனர். பிராக்சிமா சென்டாரியின் கோணமே 0.768 விகலைதான். ஆகவே கதிரவன் நீங்கலாக எந்த விண்மீனுக்கும் ஒரு விகலைக் கோணம் இல்லை.

புவியின் காற்று மண்டலம் விண்மீன் பிம்பத்தை அலைக்கழிப்பதால் நிலத்திலிருந்து அளக்கும் துல்லியத்துக்கு எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடக்க 1989இல் ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அது ஏறத்தாழ 1,18,000 விண்மீன்களை அளந்தது. 2013 டிசம்பரில் ஏவப்பட்ட கையா, 2022இல் வெளியான மூன்றாம் தரவுத் தொகுப்புவரை ஏறத்தாழ 150 கோடி விண்மீன்களின் இடமாறு கோணங்களைத் தந்துள்ளது. பொலிவான விண்மீன்களுக்கு அதன் பிழை ஒரு விகலையின் லட்சத்தில் இரு பங்கு அளவே. 1,000 பார்செக் தொலைவில் இப்பிழை 2 விழுக்காடாகும். 10,000 பார்செக்கில் 20 விழுக்காடாகும். நம் பால்வெளித் திரளின் குறுக்களவே ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டு, அதாவது 30,000 பார்செக். எனவே பிற திரள்களுக்குச் செல்லக் கோண அளவை போதாது. பொலிவு அளவை வேண்டும்.

7. நான்காம் படி: நியமச் சுடர்கள்

7.1 நியமச் சுடருக்கு உரிய இலக்கணம். ஒரு பொருள் நியமச் சுடராக வேண்டுமாயின் மூன்று இயல்புகள் தேவை. ஒன்று, தொலைவை அறியாமலே அதனை இன்ன வகையென இனங்காண முடிய வேண்டும். இரண்டு, அவ்வகையின் ஒளியாற்றல் மாறாததாகவோ, அளக்கத்தக்க வேறொரு பண்பால் கணிக்கத்தக்கதாகவோ இருக்க வேண்டும். மூன்று, அவ்வகையைச் சார்ந்த சிலவற்றின் தொலைவேனும் கீழ்ப்படியின் முறையால் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது இயல்பே ஏணியின் கணு.

7.2 நிறமாலைச் சுடர்கள். விண்மீனின் ஒளியைப் பகுத்துப் பெறும் நிறமாலையிலிருந்தே அதன் ஒளியாற்றலை மதிப்பிடலாம். 1957இல் ஓலின் வில்சனும் வைணு பாப்புவும், குளிர்ந்த விண்மீன்களின் நிறமாலையில் அயனியான கால்சியம் தரும் ‘கே’ கோட்டின் நடுவிலுள்ள உமிழ்வின் அகலத்துக்கும் விண்மீனின் தனிப் பொலிவெண்ணுக்கும் தொடர்பு உண்டெனக் காட்டினர். அகலம் கூடினால் ஒளியாற்றல் மிகும். இது வில்சன்–பாப்பு விளைவு எனப்படுகிறது. சவ்வாது மலையில் காவலூரிலுள்ள வானாய்வகமும் அங்கு 1986இல் இயங்கத் தொடங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கியும் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியுள்ளன.

7.3 செஃபீடு மாறிகள். பொலிவு முறையாகக் கூடிக் குறையும் விண்மீன்களுள் ஒரு வகை செஃபீடு. 1784இல் ஜான் குட்ரிக் கண்ட டெல்டா செஃபீ இவ்வகையின் முன்மாதிரி; அதன் அலைவுக்காலம் 5.37 நாள். பொலிவு மாறும் காரணத்தை இவ்வாறு சுருக்கலாம்: விண்மீனின் புறப்பகுதியிலுள்ள ஹீலியம் அடுக்கு சுருங்கும்போது அயனியாகி ஒளிபுகாத்தன்மை மிகுகிறது; உள்ளிருந்து வரும் ஆற்றல் அங்குத் தேங்கி அடுக்கை வெளியே தள்ளுகிறது; அடுக்கு விரிந்து குளிர்ந்ததும் ஒளி ஊடுருவிச் செல்ல, மீண்டும் சுருங்குகிறது.

ஹார்வர்டு வானாய்வகத்தில் பணியாற்றிய ஹென்ரியட்டா லீவிட், 1912இல் சிறிய மெகல்லன் மேகத்தின் 25 செஃபீடுகளை ஆராய்ந்து, அலைவுக்காலம் நீண்டவை பொலிவு மிக்கவையாயிருப்பதைக் கண்டார். அவையெல்லாம் ஒரே மேகத்தில், நம்மிடமிருந்து ஏறத்தாழச் சம தொலைவில் உள்ளவை. எனவே தோற்றப் பொலிவின் வேறுபாடு உண்மை ஒளியாற்றலின் வேறுபாடே என்று முடிவு செய்ய முடிந்தது. அலைவுக்காலத்தை அளந்தால் ஒளியாற்றல் தெரியும். ஒளியாற்றல் தெரிந்தால் தொலைவு தெரியும்.

கணக்கொன்றைக் காண்போம். ஒரு செஃபீடின் அலைவுக்காலம் அதன் தனிப் பொலிவெண் −4 என்று காட்டுகிறது; தோற்றப் பொலிவெண்ணோ 21. வேறுபாடு 25. ஒவ்வொரு 5 பொலிவெண்ணும் 100 மடங்கு மங்கலையும், அதனால் 10 மடங்கு தொலைவையும் குறிக்கும். 25இல் ஐந்து ஐந்துகள் உள்ளன. ஆகவே அதன் தொலைவு, தனிப் பொலிவெண்ணுக்கு அடிப்படையான 10 பார்செக்கின் 1 லட்சம் மடங்கு, அதாவது 10 லட்சம் பார்செக்.

இத்தகைய கணக்கே பேரண்டம் பற்றிய ஒரு பெரும் வழக்கைத் தீர்த்தது. சுருள் வடிவ நெபுலாக்கள் பால்வெளிக்கு உட்பட்டவையா, அதற்கு அப்பாற்பட்ட தனித் திரள்களா என்று 1920இல் ஷாப்ளியும் கர்ட்டிசும் எதிரெதிராக வாதிட்டனர். 1923இல் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியால் ஆண்ட்ரோமெடாவில் ஒரு செஃபீடைக் கண்டு, அதன் தொலைவு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு என்று கணித்தார். அது பால்வெளியின் எல்லைக்கு மிக அப்பால். ஆகவே ஆண்ட்ரோமெடா ஒரு தனித் திரள்.

7.4 1ஏ வகை மீயொளிர் வெடிப்பு. செஃபீடுகள் புலப்படாத தொலைவுக்கு இதனினும் வலிய சுடர் வேண்டும். எரிபொருள் தீர்ந்த விண்மீனின் செறிந்த எச்சம் வெண்குறுமீன். அது தாங்கக்கூடிய பொருண்மைக்கு எல்லை உண்டு என்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர் அப்பயணத்தின்போதே கணித்துக் கண்டார். சந்திரசேகர் எல்லை எனப்படும் அது கதிரவப் பொருண்மையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1983இல் நோபெல் பரிசு பெற்றவர் இவர். துணை விண்மீனிடமிருந்து பொருளைப் பெறும் வெண்குறுமீன் இவ்வெல்லையை நெருங்கும்போது அதன் கரிமம் கட்டுக்கடங்காத அணுப்பிணைவுக்கு உள்ளாகி முழுவதும் வெடிக்கிறது. இரு வெண்குறுமீன்கள் இணைந்து வெடிப்பதும் உண்டு.

இவ்வெடிப்புகளின் உச்ச ஒளி, கதிரவன்கள் 400 முதல் 500 கோடி சேர்ந்தால் தரும் ஒளிக்கு ஒப்பானது. எல்லாம் சரியாக ஒரே அளவு ஒளிர்வதில்லை. மெதுவாக மங்குபவை மிகுந்த ஒளியுடையவை என்று 1993இல் மார்க் ஃபிலிப்ஸ் காட்டிய தொடர்பைக் கொண்டு வேறுபாட்டைத் திருத்திக்கொள்கின்றனர். இச்சுடர்களின் ஒளியாற்றல், செஃபீடுகளால் தொலைவு அறியப்பட்ட திரள்களில் நிகழ்ந்த வெடிப்புகளைக் கொண்டு திட்டப்படுத்தப்படுகிறது.

8. ஐந்தாம் படி: செந்நகர்ச்சியும் பேரண்ட விரிவும்

ஒரு தனிமத்தின் நிறமாலைக் கோடு ஆய்வகத்தில் தோன்றும் அலைநீளத்தைவிட நீண்ட அலைநீளத்தில் விண்பொருளில் தோன்றுவது செந்நகர்ச்சி. நீட்சியை மூல அலைநீளத்தால் வகுத்துப் பெறுவது செந்நகர்ச்சி எண். ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர்க் கோடு ஒரு திரளில் 689.1 நானோமீட்டரில் தோன்றினால் செந்நகர்ச்சி எண் 0.05.

1912இல் வெஸ்டோ ஸ்லைஃபர் திரள்களின் வேகத்தை இவ்வாறு அளக்கத் தொடங்கினார். 1927இல் லெமேத்ரு, பொதுச் சார்பியலின் அடிப்படையில் பேரண்டம் விரிகிறது என்றும், விலகல் வேகம் தொலைவுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்றும் எழுதினார். 1929இல் ஹபிள் நோக்கீட்டால் அவ்விகிதத்தைக் காட்டினார். 2018 முதல் இது ஹபிள்–லெமேத்ரு விதி எனப்படுகிறது. ஒவ்வொரு 10 லட்சம் பார்செக்குக்கும் வேகம் எவ்வளவு கூடுகிறது என்பது ஹபிள் மாறிலி. அதனை நொடிக்கு 70 கி.மீ. எனக் கொண்டால், மேற்சொன்ன திரளின் வேகம், ஒளிவேகத்தின் 0.05 பங்காகையால், நொடிக்கு ஏறத்தாழ 15,000 கி.மீ.; தொலைவு ஏறத்தாழ 21.4 கோடி பார்செக், அதாவது 70 கோடி ஒளியாண்டு.

இவ்வளவைக்கு இரு வரம்புகள் உண்டு. முதலாவது, அருகிலுள்ள திரள்களில் ஈர்ப்பினால் விளையும் தனி இயக்கம் விரிவை மறைத்துவிடும். ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கியே வருகிறது. அதன் கோடுகள் நீலப்புறம் நகர்ந்துள்ளன. இரண்டாவது, மிகு தொலைவில் வேகத்தையும் தொலைவையும் எளிய நேர்விகிதத்தால் இணைக்க இயலாது; ஒளி வந்த காலமெல்லாம் விரிவு எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும் கணக்கிட வேண்டும்.

அக்கணக்கே 1998இல் எதிர்பாராத முடிவைத் தந்தது. தொலைவிலுள்ள 1ஏ வெடிப்புகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதை இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டன. விரிவு தளர்வதற்கு மாறாக முடுக்கம் பெறுகிறது என்பது அதன் பொருள். பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவரும் 2011இல் இதற்காக நோபெல் பரிசு பெற்றனர். இம்முடுக்கத்துக்குக் காரணமாகக் கொள்ளப்படுவது கரும் ஆற்றல். இன்றைய மதிப்பீட்டில் பேரண்டத்தின் உள்ளடக்கத்தில் அது ஏறத்தாழ 68 விழுக்காடு, கரும்பொருள் 27, நாம் அறிந்த சாதாரணப் பொருள் 5 விழுக்காடு மட்டுமே.

9. பிழையின் வகையும் பரவலும்

அளவைப் பிழை இருவகைப்படும். தற்செயல் பிழை அளவைக்கு அளவை கூடியும் குறைந்தும் நேர்வது. பலமுறை அளந்து சராசரி கண்டால் குறையும். முறைமைப் பிழை ஒரே புறம் சாய்ந்து நிற்பது. எத்தனை முறை அளந்தாலும் குறையாது. ஏணியில் அஞ்சத்தக்கது பின்னதே. பல திரள்களின் தொலைவு ஒரே சுடரால் அளக்கப்படும்போது, சுடரின் திட்டத்தில் உள்ள பிழை எல்லாத் தொலைவுகளையும் ஒரே விகிதத்தில் மாற்றிவிடும். அளவைகளுக்குள் ஒற்றுமை குலையாது. அதனால் பிழை வெளிப்படவும் செய்யாது.

இதற்கு வரலாறு தரும் சான்று தெளிவானது. ஹபிள் 1929இல் பெற்ற மாறிலி ஏறத்தாழ 500. விரிவு ஒரே வேகத்தில் நிகழ்ந்ததாகக் கொண்டு பின்னோக்கிக் கணித்தால் பேரண்டத்தின் வயது 200 கோடி ஆண்டு மட்டுமே கிடைக்கும். புவியின் பாறைகளோ கதிரியக்க அளவையால் அதைவிட முதுமையைக் காட்டின. உறுப்பு முழுமையைவிட மூத்ததாக இருக்க முடியாது. எனவே எங்கோ ஒரு படி பிழைபட்டிருக்க வேண்டும்.

பிழை நான்காம் படியில் இருந்தது. செஃபீடு என ஒரே பெயரால் வழங்கப்பட்டவை இருவகையின என்று வால்டர் பாடே 1952இல் அறிவித்தார். ஆண்ட்ரோமெடாவில் ஹபிள் கண்டவை, திட்டப்படுத்தப் பயன்பட்டவற்றைவிட ஏறத்தாழ 1.5 பொலிவெண், அதாவது நான்கு மடங்கு ஒளி மிக்கவை. ஒளியாற்றல் நான்கு மடங்கானால் தொலைவு இரு மடங்காகும். எனவே திரள்களின் தொலைவெல்லாம் இரட்டித்தன. பேரண்டத்தின் வயதும் இரட்டித்தது. ஒரு விண்மீன் வகையைப் பிரித்தறியாமை, பேரண்டத்தின் வயதையே பாதியாக்கியிருந்தது.

விண்மீன்களுக்கு இடையேயுள்ள தூசு மற்றொரு முறைமைப் பிழைக்குக் காரணம். அது ஒளியை உறிஞ்சிச் சுடரை மங்கச் செய்வதால் பொருள் உள்ளதைவிடத் தொலைவில் உள்ளதாகத் தோன்றும். இவ்வுறிஞ்சலை 1930இல் டிரம்ப்ளர் நிறுவினார். தூசு நீல ஒளியை மிகுதியாகவும் அகச்சிவப்பு ஒளியைக் குறைவாகவும் மறைப்பதால், பல நிறங்களில் அளந்து இப்பிழையைத் திருத்துகின்றனர்.

10. ஏணிக்குப் புறம்பான சான்றுகள்

முறைமைப் பிழையை உள்ளிருந்து காண்பது அரிதாகையால், ஏணியைச் சாராத அளவைகள் இன்றியமையாதவை. அவற்றுள் மூன்றைக் குறிப்போம்.

முதலாவது, மறைப்பிணை விண்மீன்கள். ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டைகளின் பருமனை இயக்கத்தால் அறிந்து, 2019இல் பெரிய மெகல்லன் மேகத்தின் தொலைவு ஏறத்தாழ 1.62 லட்சம் ஒளியாண்டு என 1 விழுக்காட்டுத் துல்லியத்தில் நிறுவப்பட்டது. செஃபீடுகளைத் திட்டப்படுத்த இது துணைநிற்கிறது.

இரண்டாவது, பின்னணி நுண்ணலைக் கதிர்வீச்சு. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழிந்தபோது கட்டவிழ்ந்த ஒளியின் எச்சம் இது. 1965இல் பென்சியசும் வில்சனும் இதனை அறிவித்தனர். இதன் வெப்பநிலை 2.725 கெல்வின். இதில் உள்ள நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளின் கோண அளவு, மேலிருந்து கீழாக ஹபிள் மாறிலியைக் கணிக்க இடந்தருகிறது.

மூன்றாவது, ஈர்ப்பலைகள். 2017இல் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது எழுந்த அலைகளின் வடிவமே அந்நிகழ்வின் தொலைவைத் தந்தது. அது ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு. இங்கு வேறொரு சுடரால் திட்டப்படுத்தல் தேவைப்படவில்லை.

இச்சான்றுகளின் ஒப்பீடு ஒரு முரணைக் காட்டுகிறது. பிளாங்க் செயற்கைக்கோள் அளந்த பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து ஹபிள் மாறிலி 67.4 என்று கிடைக்கிறது. செஃபீடுகளும் 1ஏ வெடிப்புகளும் ஏறத்தாழ 73 என்று காட்டுகின்றன. 8 விழுக்காடு அளவிலான இவ்வேறுபாடு இரு தரப்பின் அறிவித்த பிழை எல்லைகளையும் விடப் பெரிது. ஒன்று ஏணியில் இன்னும் காணப்படாத முறைமைப் பிழை இருக்க வேண்டும். அல்லது பேரண்டத்தின் தொடக்கநிலை பற்றிய நம் கொள்கையில் குறை இருக்க வேண்டும். பாடே காலத்து முரண் முதல்வகைத் தீர்வைப் பெற்றது என்பதனால் இன்றைய முரணும் அவ்வாறே தீரும் என்று கருத இடமில்லை. இரு வழிகளும் ஆராயப்பட்டு வருகின்றன.

11. முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுப்போம். புவியின் ஆரம் நிலவுக்கும் கோள்களுக்கும் அடிக்கோடாகிறது. கோள்களின் அளவை வானியல் அலகைத் தருகிறது. வானியல் அலகு விண்மீன்களுக்கு அடிக்கோடாகிறது. விண்மீன்களின் இடமாறு கோணம் செஃபீடுகளைத் திட்டப்படுத்துகிறது. செஃபீடுகள் 1ஏ வெடிப்புகளையும், அவ்வெடிப்புகள் செந்நகர்ச்சி விதியையும் திட்டப்படுத்துகின்றன. பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என்று சொல்லும்போது, பின்னணிக் கதிர்வீச்சின் சான்றோடு இத்தொடர் முழுவதையும் ஒப்புநோக்கியே சொல்கிறோம்.

ஆகவே வானியல் கற்கத் தொடங்குவோர் ஒரு தொலைவைப் படிக்குந்தோறும் மூன்று வினாக்களை எழுப்பிப் பழக வேண்டும். இது எந்தப் படியில் அளக்கப்பட்டது? அந்தப் படியைத் திட்டப்படுத்திய கீழ்ப்படி எது? அதனைச் சாராத வேறோர் அளவை இதனோடு ஒத்துப்போகிறதா? முதல் வினா முறையை அறிவிக்கும். இரண்டாம் வினா பிழை புகும் வாயிலைக் காட்டும். மூன்றாம் வினா நம்பிக்கைக்கு அளவு தரும். இம்மூன்றுக்கும் விடை காண்பவர் விண்தொலைவுகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையின்றி, அவற்றை எடைபோடத் தகுதி பெறுகிறார்.